சிகிச்சைக்கு முன் மனம் அமைதியுற

(செண்பகத்தோப்பில் கூடிய குடும்பச் சந்திப்பில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



திருவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் அமைந்த இச்செண்பகத்தோப்பு, 1988ஆம் ஆண்டு சாம்பல் நிற அணில்களுக்கெனச் சரணாலயமாக அறிவிக்கப்பெற்ற காட்டின் வாயிலாக விளங்குகிறது. 2021இல் அக்காடு மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாக ஆக்கப்பெற்றது. மரத்தின் உச்சியில் கூடு கட்டி வாழும் அந்த அணில், வானில் கழுகின் நிழலைக் கண்டால் உடனே உறைந்து நிற்கும். பின்பு கிளைக்குள் பாய்ந்து மறையும். கழுகு சென்றதும் மீண்டும் வந்து, விட்ட இடத்திலிருந்து காயைக் கொறிக்கத் தொடங்கும். அதன் அச்சம் நிழலோடு வந்து நிழலோடு அகன்றுவிடுகிறது.

மனிதனின் நிலை வேறு. அடுத்த வாரம் அறுவைச் சிகிச்சை என்று மருத்துவர் நாள் குறித்துவிட்டால், அன்று மாலையே அச்சம் வந்து குடிபுகுகிறது. கத்தி இன்னும் உடலைத் தொடவில்லை. ஆயினும் உறக்கம் போய்விடுகிறது, உணவு இறங்குவதில்லை, கை சில்லிடுகிறது. வரப்போவதை முன்கூட்டி எண்ணிப் பார்க்கும் அறிவு மனிதனுக்கு வாய்த்த பேறு. அதுவே நோயுற்ற காலத்தில் அவனுக்குச் சுமையாகவும் ஆகிறது. அச்சுமையை மருந்தோடு மருந்தாகக் குறைக்கும் எளிய வழிகள் யாவை, அவற்றின் பயன் எவ்வளவு, எல்லை எது என்பனவே இவ்வுரையின் பொருள்.

முதலில், இந்த அச்சத்தைச் சிறியதாக எண்ணிவிடலாகாது. அஞ்சும்போது உடலில் அட்ரினலின் முதலிய சுரப்புகள் மிகுகின்றன. நாடி விரைகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, தசைகள் இறுகுகின்றன. வீட்டில் சரியாக இருந்த இரத்த அழுத்தம் மருத்துவமனையில் அளக்கும்போது மட்டும் உயர்ந்து நிற்பதைப் பல குடும்பங்கள் கண்டிருக்கும். அதனாலேயே குறித்த நாளில் சிகிச்சை நடவாமல் தள்ளிப்போவதும் உண்டு. மிகுந்த பதற்றத்தோடு அறுவை அரங்கிற்குள் செல்வோருக்கு மயக்க மருந்து கூடுதலாகத் தேவைப்படலாம். விழித்தெழுந்த பின் வலியையும் அவர்கள் மிகுதியாக உணர்கின்றனர். பதற்றத்தை அளப்பதற்கென்றே சார்லஸ் ஸ்பீல்பெர்கர் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் வகுத்த வினாத்தாள் ஒன்று உலகெங்கும் வழங்குகிறது. அந்த நேரத்து மனநிலையை அறியும் 20 வினாக்களுக்கு நோயாளி தரும் விடைகளைக் கொண்டு 20 முதல் 80 வரை மதிப்பெண் இடப்படுகிறது. ஆகவே பதற்றம் அளந்தறியத்தக்க ஒன்று; அளந்தறியத்தக்கது ஆதலின், குறைந்ததா இல்லையா என்றும் சொல்லத்தக்கது.

இதனினும் பெரிய கேடு ஒன்றுண்டு. அச்சம் சிலரைச் சிகிச்சைக்கே வரவிடாமல் தடுத்துவிடுகிறது. மதுரையைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் நடைபெற்று 1999இல் வெளியான ஆய்வொன்று இதனைத் தெளிவாகக் காட்டியது. கண் குறையுடைய பெரியவர்களுள் நூற்றுக்கு ஏழு பேர் அளவினரே தம் ஊருக்கென நடத்தப்பெற்ற இலவச முகாமிற்கு வந்தனர். வராதோர் கூறிய காரணங்களுள் செலவும் குடும்பப் பொறுப்பும் இருந்தன, அச்சமும் இருந்தது. கண்புரை அறுவையால் பார்வை மீளக்கூடிய ஒருவர், அஞ்சியே இருளில் அமர்ந்திருப்பது எத்தனை பெரிய இழப்பு! மார்பில் கட்டியைத் தொட்டுணர்ந்தும் அஞ்சி மறைத்து ஆண்டைக் கடத்திவிடும் தாய்மார் நிலை இதனினும் கொடிது. ஆதலின் அச்சம் தணிப்பது ஆறுதல் மட்டும் தருவதன்று. சில வேளைகளில் அது கண்ணையும் உயிரையும் காக்கும் செயலாகிறது.

அச்சம் தணிக்கும் முறைகளுள் முதலில் வைத்து எண்ணத்தக்கது, உண்மையை முன்கூட்டிச் சொல்லுதல். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் லாரன்ஸ் எக்பர்ட் என்னும் மயக்கவியல் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் 1963, 1964ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட இரு ஆய்வுகள் இத்துறைக்கு அடித்தளம் இட்டன. அறுவைக்கு முன் மருத்துவர் வந்து பேசிச் சென்ற நோயாளிகள் அமைதியாக இருந்தனர். பேச்சின்றி உறக்க மருந்து மட்டும் பெற்றோர் அரைத் தூக்கத்தில் இருந்தனரேயன்றி அமைதி எய்தவில்லை என்பது முதல் ஆய்வின் முடிவு. இரண்டாவது ஆய்வில் வயிற்று அறுவைக்கு உட்பட்ட 97 பேர் இடம்பெற்றனர். அவர்களுள் ஒரு பகுதியினருக்கு எங்கே வலிக்கும், எவ்வளவு நாள் வலிக்கும், தசையை எவ்வாறு தளர்த்த வேண்டும், எப்படித் திரும்பிப் படுக்க வேண்டும் என்பன முன்னரே கற்பிக்கப்பெற்றன. அவ்வாறு கற்றவர்களுக்கு வலி மருந்தின் தேவை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. மற்றவரினும் சராசரியாக 2.7 நாள் முன்னதாக அவர்கள் வீடு திரும்பினர். மருந்துச் செலவின்றி, சொல்லால் விளைந்த பயன் இது.

இதே உண்மை தென்தமிழ்நாட்டில் வேறொரு வடிவில் விளங்குவதைக் காணலாம். டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின், 1976ஆம் ஆண்டு மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணியிருந்தும் தம் கையாலேயே கண் அறுவை செய்தவர் அவர். அம்மருத்துவமனையின் கிராம முகாம்களில் அறுவை தேவை என்று கண்டறியப்பெற்றோர், ஒரே பேருந்தில் ஊராரோடு அழைத்துவரப்பெற்று, ஊராரோடு தங்கி, ஊராரோடு திரும்புகின்றனர். பக்கத்துத் தெருவினர் பக்கத்தில் இருக்கும்போது பட்டணத்து மருத்துவமனையின் அயன்மை பாதியாகிறது. அங்குப் பணிபுரியும் இளம்பெண்கள் பலர் சிற்றூர்களிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பெற்றுப் பயிற்றுவிக்கப்பெற்றவர்கள். அவர்கள் முதியவர்களின் பேச்சு வழக்கிலேயே, என்ன நடக்கும் என்பதை எடுத்துரைக்கின்றனர். கண்ணைத் தோண்டி எடுத்து மீண்டும் வைப்பார்கள் என்று எண்ணி நடுங்கும் பாட்டிக்கு, அப்படியன்று என்று தன் ஊர்ச் சொல்லில் ஒரு பெண் கூறுவது பெரிய மருந்தாகிறது.

அடுத்தது உடலைத் தளர்த்தும் முறை. எட்மண்ட் ஜேக்கப்சன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1929இல் இதனை நூலாக வெளியிட்டார். இறுகிய தசையோடு அமைதியான மனம் இருத்தல் அரிது என்பது அவர் கண்ட உண்மை. முறை எளிது. படுத்தோ சாய்ந்தோ அமர்ந்து, முதலில் பாதத்து விரல்களை ஐந்து விநாடி இறுக்கி, பின்பு முற்றிலும் தளரவிட வேண்டும். அடுத்துக் கெண்டைக்கால், தொடை, வயிறு, கை, தோள், முகம் என மேல்நோக்கி ஒவ்வொன்றாகச் செல்ல வேண்டும். இறுக்கத்திற்கும் தளர்ச்சிக்கும் உள்ள வேற்றுமையை உடல் கற்றுக்கொள்வதே இதன் நுட்பம். வலியோ காயமோ உள்ள உறுப்பை இறுக்காமல் விட்டுவிடலாம். 1975இல் ஹெர்பர்ட் பென்சன் என்னும் இதயநோய் மருத்துவர், ஒரு சொல்லை மூச்சோடு சேர்த்து மீண்டும் மீண்டும் நினைப்பதால் நாடியும் மூச்சும் தணிவதைத் தம் நூலில் விளக்கினார். அச்சத்திற்கு உடல் காட்டும் எதிர்வினை இருப்பது போலவே, அமைதிக்கும் உடல் காட்டும் எதிர்வினை உண்டு என்பது அவர் கூற்று.

இதைக் கேட்கும் சமணப் பெரியோர்க்கு இது புதிதாகத் தோன்றாது. உடலைத் தன் போக்கில் விட்டு அசைவின்றி இருக்கும் காயோத்சர்க்கம் வழிவழியாகப் பயிலப்பெறுவது. 27 மூச்சுகளில் 9 முறை பஞ்ச நமஸ்காரத்தை நினைப்பது அதன் அளவு. அதாவது மூன்று மூச்சுக்கு ஒரு முறை. அதன் நோக்கம் ஆன்ம ஒழுக்கம். பதற்றம் தணிப்பதற்காக வகுக்கப்பெற்றதன்று. ஆயினும் அதில் உடல் பெறும் பயிற்சியை மருத்துவக் கண்கொண்டு பார்ப்பதில் தவறில்லை. நான்கு எண்ணும் வரை உள்ளிழுத்து, ஆறு எண்ணும் வரை வெளிவிட்டால் ஒரு மூச்சுக்குப் பத்து விநாடி. நிமிடத்திற்கு ஆறு மூச்சு. அவ்வாறு 27 மூச்சு விட்டால் நாலரை நிமிடம் ஆகும். வெளிமூச்சு நீளும்போது, இதயத்தைத் தணிக்கும் வேகஸ் நரம்பின் செயல் ஓங்கி, நாடி மெல்லத் தாழ்கிறது. தள்ளுவண்டியில் படுத்து அறுவை அரங்கின் கதவுக்கு வெளியே காத்திருக்கும் நேரத்தில் இந்த நாலரை நிமிடத்தை எவரும் தடுக்க இயலாது. இதற்குக் கருவி வேண்டா. எவருடைய இசைவும் வேண்டா.

மூன்றாவது இசை. அறுவைக்கு முன் இசை கேட்பதன் பயனை ஆராய்ந்த 26 ஆய்வுகளை, 2,051 நோயாளிகளின் விவரங்களோடு தொகுத்து 2013இல் காக்ரேன் அமைப்பு ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. இசை பதற்றத்தைக் குறைக்கக்கூடும் என்பதே அதன் முடிவு. அவ்வாய்வுகளுள் பெரிய ஒன்றில், மிடசோலாம் என்னும் அமைதி மருந்தினும் இசை கூடுதலாகப் பயன் தந்தது. பல ஆய்வுகள் குறைபாடுடையன என்பதையும் அம்மதிப்பீடே ஒளிக்காமல் கூறியிருப்பது பாராட்டத்தக்கது. இல்லத்தார் நினைவில் கொள்ள வேண்டியது, எந்த இசை என்பதை நோயாளியே தெரிவு செய்ய வேண்டும் என்பதாகும். பேரன் விரும்பும் பாட்டு தாத்தாவுக்கு இரைச்சலாகலாம். தோத்திரமோ, நாதசுரமோ, பழைய திரைப்பாடலோ, எது அவருக்கு இனிதோ அதுவே நன்று.

நான்காவது தொடுகை. கண்புரை அறுவையின்போது நோயாளி விழித்திருக்கிறார்; முகத்தின்மேல் துணி மூடியிருக்கிறது; யாரோ பேசுவது மட்டும் கேட்கிறது. அந்நிலையில் ஒருவர் அவர் கையைப் பிடித்திருந்தால் பதற்றம் குறைகிறது என்று கொரிய நாட்டுச் செவிலியர் ஆய்வு 2001இல் தெரிவித்தது. குழந்தைகளுக்கோ தாயின் கை மட்டும் போதாது. தாயின் முகத்தில் அச்சமின்மையும் வேண்டும். பெற்றோரின் கலக்கம் குழந்தைக்கு உடனே தொற்றுகிறது. ஆகவே குழந்தைக்குச் சிகிச்சை என்றால் முதலில் அமைதி பெற வேண்டியவர் பெற்றோர்.

ஐந்தாவது பசுமை. இக்காட்டில் கூடியிருப்போர்க்கு அதனை விளக்க வேண்டுவதில்லை. எனினும் அறிவியல் கண்டதைச் சொல்லலாம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மருத்துவமனை ஒன்றில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவைக்கு உட்பட்டோரின் பதிவேடுகளை ரோஜர் உல்ரிச் ஆராய்ந்து 1984இல் வெளியிட்டார். சன்னல் வழியே மரங்களைக் கண்டவர் 23 பேர்; செங்கல் சுவரைக் கண்டவர் 23 பேர். மரங்களைக் கண்டவர்கள் விரைவில் வீடு திரும்பினர். கடும் வலி மருந்தையும் குறைவாகவே கேட்டனர். ஆய்வு சிறியதே, அறுவைக்குப் பின்னைய நாட்களைப் பற்றியதே. ஆயினும் மருத்துவமனை கட்டுவோரின் சிந்தனையை அது மாற்றியது. ஜப்பானிய அரசின் வனத்துறை 1982இல் காட்டில் மெல்ல உலவுவதற்குக் ‘காட்டுக் குளியல்’ என்று பொருள்படும் பெயரிட்டு மக்களிடையே பரப்பியது. அறுவைக்கு நாள் குறிக்கப்பெற்றவரை எல்லாம் மலைக்கு அழைத்துவர இயலாது. வேப்பமரத்தடியில் காலை அரை மணி நேரம் அமரச் செய்யலாம். மருத்துவமனையில் சன்னலோரப் படுக்கை கிடைக்குமாயின் கேட்டுப் பெறலாம்.

இம்முறைகளைச் சேர்த்துப் பயில்வதன் பயனையும் இந்தியாவிலேயே ஆராய்ந்துள்ளனர். பெங்களூரில் தொடக்கநிலை மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட பெண்களுக்கு யோகப் பயிற்சி அளித்த ஆய்வு 2008இல் வெளியாயிற்று. பயிற்சி பெற்றோர் மருத்துவமனையில் தங்கிய நாட்கள் குறைந்தன. தையலும் முன்னதாகவே பிரிக்கப்பெற்றது. அப்பெண்கள் அறுவையை விட்டு யோகத்தை நாடியவர்களல்லர்; அறுவையோடு யோகத்தையும் மேற்கொண்டவர்கள். இவ்வேறுபாட்டை எவரும் மறக்கலாகாது.

ஏனெனில் இம்முறைகள் அனைத்தும் துணை முறைகளே. மூச்சுப் பயிற்சி கட்டியைக் கரைக்காது; இசை கண்புரையை நீக்காது. அமைதி வந்துவிட்டது என்று சிகிச்சையைத் தள்ளிப்போடுவது பேதைமை. இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவிற்கும் உட்கொள்ளும் மாத்திரைகளை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தவும் கூடாது, தொடரவும் கூடாது. எதை அன்று காலை உட்கொள்ள வேண்டும், எதை விட வேண்டும் என்பதை அவரே கூற வேண்டும். இதயநோய் உடையோர் மூச்சை அடக்கி நிறுத்தும் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும். கண் நீரழுத்த நோய் உடையோர் தலைகீழாக நிற்கும் ஆசனங்களைச் செய்யலாகாது. வாசனைத் தைலங்கள் ஆஸ்துமா உடையோர்க்கு இழுப்பை உண்டாக்கலாம். கசாயம், லேகியம், மூலிகை மாத்திரை எதுவாயினும் மயக்கவியல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்துவனவும் அவற்றுள் உண்டு. இவ்வளவும் செய்தும் பதற்றம் தணியாதாயின், மருத்துவர் தரும் அமைதி மருந்தை ஏற்பதில் இழுக்கு ஏதுமில்லை.

சமணக் குடும்பங்களுக்கே உரிய கவலைகள் இரண்டு உள. பலர் அவற்றை வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லாததாலேயே அவை பதற்றமாக மாறுகின்றன.

ஒன்று, உணவு நெறி. அறுவைக்கு முன் திட உணவை ஆறு மணி நேரமும், தெளிந்த நீரை இரண்டு மணி நேரமும் நிறுத்துவது இன்று பொதுவாகப் பின்பற்றப்பெறும் அளவு. கொழுப்பு மிகுந்த உணவாயின் இன்னும் கூடுதல் நேரம் வேண்டும். கதிரவன் மறைந்தபின் நீரும் அருந்தாத நோன்புடைய முதியவருக்கு மறுநாள் நண்பகல் அறுவை என்றால், பதினெட்டு மணி நேரம் வறண்டு கிடக்க நேரும். தாகமும் தலைச்சுற்றலும் அச்சத்தைப் பெருக்கும். நீரிழிவு உடையவராயின் தீங்கும் நேரலாம். முன்னதாகவே மருத்துவரிடம் நெறியை எடுத்துரைத்தால், காலையில் முதல் அறுவையாக அவரை வைத்துக்கொள்ள இயலுமா என்று பார்ப்பர். உடல்நலக் குறைவில் நோன்பைத் தளர்த்துவது குறித்து மனத்தில் ஐயம் இருந்தால், அதனையும் முன்னரே நெறியறிந்த பெரியோரிடம் கேட்டுத் தெளிவது நன்று.

மற்றொன்று, மருந்துகளில் கலந்துள்ள உயிர்ப்பொருள்கள். மருந்துக் குப்பிகளாகிய கேப்சூல்கள் பெரும்பாலும் விலங்குகளின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கப்பெறும் ஜெலட்டினால் ஆனவை. இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் பன்றியின் குடலிலிருந்து பெறப்படுகிறது. தையல் நூல்களுள் ஆடு, மாடுகளின் குடலிலிருந்து செய்யப்பெறும் கேட்கட் என்பதும் உண்டு. மாற்று இருக்கும் இடங்கள் பல. மாத்திரை வடிவமும் செயற்கைத் தையல் இழையும் எளிதில் கிடைக்கின்றன. மாற்று இல்லாத இடங்களும் உண்டு. எது எவ்வகை என்பதை அறுவை மேசையில் கேட்க இயலாது. ஒரு வாரம் முன்பே கேட்டுத் தெளிந்துகொண்டால் மனம் இலகுவாகும். உயிர்காக்கும் நேரத்தில் எதை ஏற்பது என்ற முடிவும் நோயாளியின் அறிவோடும் இசைவோடும் நிகழும்.

இறுதியாக உடனிருப்போர் கடமை. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் நிறைவுக் குறள், மருத்துவத்தின் கூறுகளாக நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து துணைபுரிபவரையும் சேர்த்து நான்காக எண்ணுகிறது. இன்றைய மருத்துவமனையில் முதல் மூன்றுக்கும் இடம் தெளிவாக உள்ளது. நான்காமவர் மட்டும் நடைவழியில் கைப்பேசியோடு நிற்கிறார். அவர் தம் இடத்தை மீண்டும் பெற வேண்டும்.

அவர் செய்யத்தக்கவை சிலவே. கேட்க வேண்டிய வினாக்களை நோயாளியோடு அமர்ந்து ஒரு தாளில் எழுதி, மருத்துவரிடம் கொண்டுசெல்லலாம். ‘ஒன்றும் ஆகாது, பயப்படாதே’ என்று வாயை அடைப்பதினும், ‘எதை நினைத்தால் அச்சமாக இருக்கிறது?’ என்று கேட்பது மேல். வலிக்கு அஞ்சுகிறாரா, மயக்கத்திலிருந்து எழாமற் போவதற்கு அஞ்சுகிறாரா, செலவுக்கு அஞ்சுகிறாரா என்பது கேட்டாலன்றித் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் மறுமொழி வேறு. நலம் விசாரிக்க வந்து பிறருக்கு நேர்ந்த துன்பக் கதைகளை விரித்துரைக்கும் உறவினரை அன்போடு வேறு பேச்சிற்குத் திருப்பலாம். ஸ்கேன் குழலுக்குள் செல்ல அஞ்சுவோருக்கு, உள்ளே செல்லுமுன்பே கண்களை மூடிக்கொள்ளவும், கையில் தரப்படும் அழைப்புப் பொத்தானை அழுத்தினால் ஊழியர் வருவார் என்பதை நினைவில் வைக்கவும் சொல்லலாம்.

எல்லாவற்றிற்கும் மேலாக, இவற்றை நலமுடன் இருக்கும்போதே பழக வேண்டும். வெள்ளம் வந்தபின் நீச்சல் கற்க இயலாது. அறுவைக்கு முந்திய இரவில் முதன்முறையாகக் கண்மூடி மூச்சை எண்ணுபவருக்கு எண்ணிக்கை நழுவிக்கொண்டே இருக்கும். நாள்தோறும் மாலையில் குடும்பத்தார் ஒன்றாக அமர்ந்து 27 மூச்சு விடுவது நாலரை நிமிடப் பணி. அதனைப் பத்து வயதில் பழகிய குழந்தை, எழுபது வயதில் மருத்துவமனைப் படுக்கையில் தனித்துக் கிடக்கும்போதும் தன் கைப்பொருளாகக் கொண்டிருக்கும். அப்பழக்கத்தை இவ்விழா நாளிலிருந்தே ஒவ்வோர் இல்லமும் தொடங்குமாக. அனைவரும் நோயற்று வாழ்க. நோயுற்றோர் அச்சமற்றுத் தேறுக.